பென்காப் வரைந்த சபெல்

அனைவருக்கும் வணக்கம். ஓவியம் படிக்கிற மாணவர்கள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். இன்றைக்கு ஒரே ஓவியரைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அதிலும், அவர் வாழ்நாள் முழுக்க விடாமல் வரைந்த ஒரு பெண்ணைப் பற்றி.

பிலிப்பைன்ஸின் பெனடிக்டோ கப்ரேரா 1942-ல் மலபோனில் பிறந்தவர். அங்கே எல்லோருக்கும் அவர் பென்காப். 1960களின் நடுவில் மணிலாவின் பாம்பாங் பகுதியில் குடியிருந்தார். நெரிசலான, ஏழை ஜனங்கள் வாழும் இடம். பத்திரிகைகளுக்குப் படம் போட்டுப் பிழைத்துக்கொண்டிருந்த இளைஞர் அவர். வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால், தெருவில் குப்பை பொறுக்கித் திரியும் ஒரு பெண் தெரிவார். புத்தி பேதலித்தவர் என்று அக்கம்பக்கத்தில் பேச்சு. பெயர் சபெல். கையில் கிடைக்கிற பிளாஸ்டிக் தாள்களை உடம்பெல்லாம் சுற்றிக்கொண்டு நடப்பார். பென்காப் அவரைக் கோட்டுச் சித்திரமாக வரைந்தார், போட்டோவும் எடுத்தார்.

அந்த பிளாஸ்டிக்கைக் கொஞ்சம் கவனியுங்கள். அது மடியும், உப்பும், வெளிச்சத்தை உள்ளே விட்டுப் பாதியைத் திருப்பி அனுப்பும். துணியைப் போல உடம்போடு ஒட்டாது. ஓவியம் கற்றவனுக்கு அது பெரிய சவால். பென்காப்பின் பல சபெல் படங்களில் முகம் நிதானமான கோடுகளால் வந்திருக்கும். கழுத்துக்குக் கீழே வந்ததும் கை சுதந்திரமாக ஓடும்; அகலமான தூரிகை வீச்சு, வழியும் வண்ணம், கிட்டத்தட்ட அரூப ஓவியம். ஒரே தாளில் இரண்டு விதமான ஓவியம். முகம் பெரும்பாலும் நம்மைப் பார்க்காது. பரிதாபம் கேட்டு நிற்கிற முகமும் இல்லை அது. எனக்கு இந்தப் படங்கள் பிடித்துப்போனதற்கு முதல் காரணம் இதுதான்.

அப்புறம் அவர் லண்டன் போனார். பழைய அச்சுப்படக் கடைகளில் காலனி காலத்துப் பிலிப்பைன்ஸ் புகைப்படங்கள் அவருக்குக் கிடைத்தன. யாரோ எடுத்த படங்கள். அவற்றில் பெயர் குறிக்கப்படாத மனிதர்கள். அவர்களை மறுபடி வரைந்ததுதான் 1972-ல் வந்த 'லாராவான்' ஓவியத் தொடர். அதே ஆண்டில்தான் அவருடைய நாட்டில் அதிபர் மார்க்கோஸ் ராணுவச் சட்டத்தைக் கொண்டுவந்தார். பெயரில்லாமல் போனவர்கள் மீது பென்காப்புக்கு இருந்த அக்கறை சபெலிடம் தொடங்கியது என்றே நான் நினைக்கிறேன்.

1980களின் நடுவில் நாடு திரும்பி, பாகியோ மலைப்பகுதிக்குப் போய்விட்டார். அவருடைய படங்களில் சபெலும் கூடவே போனார். ஆனால் ஆள் மாறிவிட்டார். பிளாஸ்டிக் மெல்ல மெல்லப் பட்டுப்போல ஆகிறது. சில படங்களில் ஜப்பானிய கிமோனோ உடை ஞாபகம் வருகிறது, சிலவற்றில் நடனக்காரியின் சுழற்சி. 2006-ல் பென்காப்புக்கு தேசியக் கலைஞர் என்ற பட்டம் கிடைத்தது. 2009-ல் பாகியோவுக்குப் பக்கத்தில், தூபா ஊரில், அவருடைய அருங்காட்சியகம் திறந்தது. சபெலை வைத்து இசை நாடகம்கூட வந்தது. ஏலக்கூடங்களில் சபெல் படங்களுக்கு நல்ல கிராக்கி.

இங்கேதான் எனக்கு ஒரு வருத்தம். வசதியான வீட்டு வரவேற்பறையில், சோபாவுக்கு மேலே, குப்பை பொறுக்கிய ஒரு பெண் அழகாகத் தொங்குகிறார். அதே பெண் நிஜத்தில் அந்த வீட்டு வாசலுக்கு வந்திருந்தால் காவலாளி விரட்டியிருப்பார். பிற்காலப் படங்களின் அழகு அந்தப் பசியை மூடிவிடுகிறதோ என்ற கேள்வியை நாம் கேட்டே ஆக வேண்டும். நான் கேட்கிறேன். சில படங்களில் மூடித்தான் விடுகிறது, சந்தேகமில்லை.

ஆனாலும் பென்காப்பை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பேரும் பணமும் வந்த பிறகு பாம்பாங் தெருவை மறந்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் மறக்கவில்லை. தன் கலை ஒவ்வொரு முறை மாறியபோதும் புதுக் கையோடு அதே பெண்ணிடம் திரும்பிப் போனார். பிலிப்பைன்ஸில் இன்று தெருவில் திரியும் ஒரு பெண்ணுக்குப் பெயர் இருக்கிறது, சபெல் என்றால் பள்ளிப் பிள்ளைக்கும் ஒரு உருவம் தெரிகிறது என்றால், அது இந்தப் பிடிவாதத்தால் வந்தது.

சரி, இப்போது படங்களைத் திரையில் போடச் சொல்கிறேன். முதலில் 1960களின் சபெல், பக்கத்திலேயே 2000-க்குப் பிறகு வந்த ஒன்று. முகத்தை அப்புறம் பாருங்கள். முதலில் பிளாஸ்டிக்கைப் பாருங்கள், பிறகு உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.