பத்தடி கிட்டார்ல பெயின்ட் உரியாம நிக்கணும்னா

வணக்கம் மக்களே. பத்தடி உயரத்துல ஒரு கிட்டார். வாசிக்கறதுக்கு இல்ல, ஃபைபர்கிளாஸ்ல, அதாவது கண்ணாடி இழையும் ரெசினும் சேர்த்து வார்த்தது. அதை உள்ளூர் ஓவியர் ஒருத்தர்கிட்ட குடுத்து பெயின்ட் பண்ண வச்சு, கடைத்தெருவுல நடைபாதை ஓரமா நிறுத்தறாங்க. அமெரிக்காவுல பல ஊர்ல இது நடந்திருக்கு. அந்த கிட்டாரை எப்படி தயார் பண்றது, எங்க சொதப்பும், ஏன் சொதப்பும்னு இந்த வீடியோல பார்ப்போம்.

இது எங்கேர்ந்து வந்துச்சுன்னு சுருக்கமா சொல்லிடறேன். 1998ல சுவிட்சர்லாந்துல சூரிச் நகரத்துல ஃபைபர்கிளாஸ் மாடுங்களை ஆளாளுக்கு ஒரு மாதிரி அலங்கரிச்சு தெருவெல்லாம் நிறுத்தினாங்க. அடுத்த வருஷமே சிகாகோ அதைப் பிடிச்சுக்கிச்சு, அங்க 300க்கும் மேல மாடு. அப்புறம் ஒவ்வொரு ஊரும் தனக்குன்னு ஒரு உருவம் தேட ஆரம்பிச்சுது. கிளீவ்லேண்ட்ல ராக் இசைக்கலைஞர்களுக்கான மியூசியம், ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் இருக்கு, அதனால 2002ல அங்க கிட்டார்மேனியா, ஃபெண்டர் கம்பெனியோட ஸ்ட்ராட்டோகாஸ்டர்ங்கற எலெக்ட்ரிக் கிட்டார் வடிவத்துல. 2006ல ஆஸ்டின்ல கிப்சன் கம்பெனியோட கிட்டார்டவுன். 2012ல விஸ்கான்சின் மாநிலத்துல வாக்கிஷா. எலெக்ட்ரிக் கிட்டார்ல பேர் வாங்கின கலைஞர் லெஸ் பால் 1915ல பிறந்த ஊர் அது. 2009ல அவர் இறந்தப்ப அடக்கம் பண்ணினதும் அங்கதான். 1952ல கிப்சன் அவர் பேர்லயே ஒரு கிட்டார் கொண்டு வந்துச்சு இல்லையா, அந்த ஊருக்கு அதைவிடப் பொருத்தமான உருவம் வேற என்ன இருக்க முடியும்?

நான் வாக்கிஷாவையே கணக்கா வச்சுப் பேசறேன், காரணம் அந்த ஊரோட வானிலை. கோடையில நல்ல வெயில். குளிர்காலத்துல மைனஸ் 20க்குக் கீழ போற நாளும் உண்டு. பனி உறையும், உருகும், மறுபடி உறையும். ரோட்ல உப்பு போடுவாங்க, வண்டி போறப்ப அது தெறிக்கும். அங்க தாங்கற பெயின்ட் வேலை எங்கயும் தாங்கும்.

சரி, வேலைக்கு வருவோம். வார்ப்பு வேலை பண்றவங்க அச்சுல ஒட்டாம இருக்க மெழுகு தடவுவாங்க. அந்த மெழுகு கிட்டார் மேல கண்ணுக்குத் தெரியாம ஒட்டிட்டு வரும். நிறைய பேர் வந்ததும் உப்புத்தாளை எடுத்துத் தேய்க்க ஆரம்பிச்சுடறாங்க. அதுதான் முதல் தப்பு. தேய்ச்சா மெழுகு போகாது, தேய்ச்ச கீறலுக்குள்ள இன்னும் ஆழமா இறங்கும். ஆறு மாசம் கழிச்சு பெயின்ட் தாள் மாதிரி உரிஞ்சு வர்றது இதனாலதான்.

அதனால முதல்ல கார் பெயின்ட் கடையில கிடைக்கிற மெழுகு, கிரீஸ் எடுக்கற கரைப்பான். ரெண்டு துணி வேணும். ஒண்ணுல கரைப்பானை நனைச்சுத் துடைங்க. அது காயறதுக்குள்ள இன்னொரு உலர்ந்த துணியால ஒத்தி எடுங்க. காய விட்டா மெழுகு திரும்ப அங்கயே படிஞ்சுடும். ஒரு தடவைக்கு ரெண்டு அடிக்கு ரெண்டு அடி இடம் மட்டும். துணியை அடிக்கடி மாத்துங்க. முடிஞ்சதும் மேல தண்ணி ஊத்திப் பாருங்க. தண்ணி ஒரே படலமா வழிஞ்சா மேற்பரப்பு சுத்தம். தாமரை இலையில நிக்கிற மாதிரி முத்து முத்தா நின்னா மெழுகு இன்னும் இருக்கு, திரும்ப துடைக்கணும். இந்த சோதனைக்கு செலவு ஒரு வாளி தண்ணிதான்.

அதுக்கப்புறம்தான் தேய்க்கறது. 180 நம்பர் உப்புத்தாள்ல ஆரம்பிச்சு 220ல முடிங்க. பளபளப்பு ஒரு இடத்துலயும் மிச்சம் இருக்கக் கூடாது. நெக், அதாவது நீளமான கழுத்துப் பகுதி, பாடியோட சேர்ற மூலை, பாடியில நெக் பக்கத்துல வெட்டி எடுத்த மாதிரி இருக்கற கட்அவே உள்வளைவு, நெக் உச்சியில இருக்கற ஹெட்ஸ்டாக் ஓரம், இங்கெல்லாம் மெஷின் போகாது, கையாலதான் தேய்க்கணும். பெயின்ட் முதல்ல விடறதும் இந்த இடங்கள்லதான். கண்ணாடி இழைத் தூசு தோலையும் நுரையீரலையும் அரிக்கும். முழுக்கை சட்டை, நல்ல மாஸ்க், ரெண்டும் கட்டாயம்.

தேய்ச்ச பிறகு ஊசிமுனை ஓட்டைங்க வெளிய வரும். வார்க்கும்போது மாட்டிக்கிட்ட காத்துக் குமிழி. அப்படியே விட்டு மேல பெயின்ட் அடிச்சா, வெயில்ல உள்ள இருக்கற காத்து விரிஞ்சு பெயின்ட்டைத் தூக்கும். கறுப்பு, கரு நீலம் மாதிரி நிறத்துல இது சீக்கிரமே தெரியும், சூடு அதிகம் இழுக்கும் இல்லையா. அதனால பாலியஸ்டர் பட்டி பார்க்கணும். 100 கிராம் பட்டிக்கு அதை இறுக வைக்கற ஹார்ட்னர் 2 கிராம், அவ்வளவுதான். சீக்கிரம் காயட்டும்னு கூடப் போட்டா, மிச்சமாகற ஹார்ட்னர்ல இருக்கற பெராக்சைடு மேல வர்ற நிறத்துக்குள்ள ஊறி கறை காட்டும். வெள்ளை பின்னணியில திட்டுத் திட்டா நிறம் மாறி நிக்கிறது இதனாலயும் வரலாம்.

பிரைமர் எபாக்ஸி பிரைமரா இருக்கட்டும், ரெண்டு கோட். ஒரு லெஸ் பால் கிட்டாரை மூணு மடங்கு பெருசாக்கினா முன்பக்கம், பின்பக்கம், ஓரம் எல்லாம் சேர்த்து சுமார் 4 சதுர மீட்டர் வரும். கலந்த பிரைமர் ஒன்றரை லிட்டர் போதும். டின்ல ரெண்டாவது கோட்டுக்கு ஒரு நேரம் போட்டிருப்பான். அதைத் தாண்டிட்டா மறுபடி லேசா தேய்ச்சுட்டுதான் அடிக்கணும். சாம்பல் நிற பிரைமர் வாங்குங்க, தப்பிச்ச ஓட்டைங்க அதுல பளிச்சுன்னு தெரியும்.

இப்போ ஓவியம். டிசைன் பத்தி நான் அதிகம் சொல்லப் போறதில்ல, அது ஓவியரோட உரிமை. ஒண்ணு மட்டும். காகிதத்துல வரையறப்ப எல்லாரும் முன்பக்கத்தை மட்டும் வரையறாங்க. தெருவுல நிக்கிற கிட்டாருக்கு பின்பக்கமும் முகம்தான். நெக் பார்த்தீங்கன்னா நீளமா, ஒடுக்கமா, பாடியோட சேராம தனியா தெரியற ஒரு பட்டை. பாடியில ஒரு முகத்தை வரைஞ்சுட்டு நெக்கை வெறும் கறுப்பா விட்டா பாதி வேலை மாதிரி நிக்கும். வேர் பாடியில, தண்டு நெக்ல, கிளை ஹெட்ஸ்டாக்லன்னு மேல ஏறிப் போற டிசைன்தான் இந்த உருவத்துக்கு இயல்பா உட்காரும்.

பிரபல இசைக்கலைஞர் முகம் வரையறவங்க, எந்த போட்டோவைப் பார்த்து வரையறீங்கன்னு கவனிங்க. அந்த போட்டோ எடுத்தவருக்கு காப்புரிமை உண்டு, கிட்டார் ஏலத்துக்குப் போறப்ப அது பிரச்சினையாகும்.

நிறத்துக்கு வருவோம், நான் ரொம்ப அழுத்திச் சொல்ல வேண்டிய இடம் இது. நூறு சதவீத அக்ரிலிக் பெயின்ட் எடுங்க. டியூப் பின்னால நிறமியோட குறியீடு போட்டிருக்கும், பேரைப் பார்க்காதீங்க, குறியீட்டைப் பாருங்க. அலிசரின் கிரிம்சன், அதாவது பிஆர் 83, வெயில்ல வெளுக்கும். அதுக்குப் பதிலா குவினாக்ரிடோன், பிவி 19. நீலத்துக்கு தாலோ நீலம், பிபி 15, நல்லா நிக்கும். காவி, செங்காவி மாதிரி இரும்பு ஆக்சைடு நிறங்களை வெயில் ஒண்ணும் பண்ணாது. ஃப்ளோரசன்ட் பிங்க், ஃப்ளோரசன்ட் ஆரஞ்சு இதெல்லாம் கடையில கண்ணைப் பறிக்கும், ஆனா ஒரே கோடையில செத்துடும். மேல எந்த கிளியர், அதாவது நிறமில்லாத மேல்பூச்சு, அடிச்சாலும் காப்பாத்த முடியாது. ஏஎஸ்டிஎம்ங்கற தர நிர்ணய அமைப்போட ஒளி தாங்கும் தரம் 1 இல்லன்னா 2, அதுக்குக் கீழ வேண்டாம்.

தங்க நிறம் கேக்கறவங்க நிறைய, லெஸ் பால்னாலே முன்பக்கம் தங்க நிறத்துல இருக்கற கோல்டுடாப் கிட்டார் ஞாபகம் வரும். தங்கத்தாள் ஒட்டறதா இருந்தா 23 காரட் தாள் கறுக்காது. மலிவுத்தாள் பித்தளை, ஈரம் பட்டா கறுக்கும்.

விஸ்கான்சின்ல வசந்த காலத்துல, சூடில்லாத கராஜ்ல வேலை பார்ப்பாங்க. 10 டிகிரிக்குக் கீழ அக்ரிலிக் சரியா படலமாகாது, காஞ்ச மாதிரி இருக்கும், நகத்தால கீறினா பொடியா வரும். இன்னொண்ணு, முன்பக்கம் முடிச்சுட்டு கிட்டாரைக் கவுத்துப் போட்டு பின்பக்கம் அடிப்பாங்க. அக்ரிலிக் காஞ்ச பிறகும் சில நாளைக்கு ஒட்டும் தன்மை இருக்கும். கம்பளி மேல படுக்க வச்சா நூல் எல்லாம் ஓவியத்துல ஒட்டி வரும். இடையில கேக் சுடறப்ப விரிக்கிற சிலிகோன் பூசின பேப்பர் விரிங்க.

கடைசி அடுக்கு கிளியர். கார்களுக்கு அடிக்கிற டூ கே யூரித்தேன், அதாவது ரெண்டு திரவத்தைக் கலந்து அடிக்கிறது, புற ஊதா தடுப்பு உள்ளது, மூணு கோட், சுமார் 2 லிட்டர். ஸ்ப்ரேல கணிசமான பங்கு காத்துலயே போயிடும், அதையும் சேர்த்துதான் சொல்றேன். ஊத்தற எபாக்ஸி ரெசின் மேல ஆசைப்படாதீங்க. கண்ணாடி மாதிரி இருக்கும், ஆனா வெயில்ல மஞ்சளாகும். அவசரமும் ஆகாது. அக்ரிலிக் உள்ள தண்ணி முழுசா போகணும், சாதாரண கனத்துக்கு ஒரு வாரம், தடிமனா அப்பியிருந்தா ரெண்டு மூணு வாரம். ஈரத்தோட மூடினா கிளியருக்கு அடியில பால் மாதிரி வெளுத்துடும், இல்லன்னா கொப்புளிக்கும். எண்ணெய் சார்ந்த மார்க்கர்ல கையெழுத்து போட்டிருந்தா கிளியர்ல இருக்கற கரைப்பான் அதைக் கலைச்சு இழுத்துட்டுப் போகும். ஒரு சோதனைப் பலகையில இதே அடுக்குகளை இதே வரிசையில அடிச்சுப் பார்த்துட்டு கிட்டாருக்குப் போங்க.

டூ கே கிளியர்ல ஐசோசயனேட்ங்கற ரசாயனம் இருக்கு. ஒரு தடவை உடம்பு அதுக்கு ஒவ்வாமை ஆயிடுச்சுன்னா வாழ்நாள் ஆஸ்துமாவா நிக்கலாம். வெளிக்காத்தை குழாய் வழியா குடுக்கற மாஸ்க் இருக்கற கார் பெயின்ட் பட்டறையிலதான் அடிக்கணும், வீட்டு கராஜ்ல கூடாது. என் கருத்து என்னன்னா, பிரைமரையும் கிளியரையும் ஓவியர் தலையில கட்டவே கூடாது. ஏற்பாடு பண்றவங்களே ஒரே பட்டறையில எல்லா கிட்டாருக்கும் பிரைமர் அடிச்சுக் குடுத்து, ஓவியம் முடிஞ்சதும் திரும்ப வாங்கி கிளியர் அடிக்கணும். ஓவியருக்கு மாசக்கணக்கா போற உழைப்பு, அதை மெழுகும் அவசரமும் கெடுக்க விடறது நியாயமே இல்ல.

மொசைக் பண்றவங்களுக்கு ரெண்டு வார்த்தை. சிமென்ட் கலவை ஃபைபர்கிளாஸை நம்பகமா பிடிக்காது, எபாக்ஸி பசை வேணும். ஓடு கண்ணாடியா, நீர் உறிஞ்சாத போர்சலினா இருக்கணும். சாதாரண சுவர் டைல் தண்ணி குடிக்கும். தண்ணி உறைஞ்சா கிட்டத்தட்ட 9 சதவீதம் விரியும், ஓடு தானா தெறிச்சு விழும்.

அடுத்தது அடித்தளம். மணிக்கு 144 கிலோமீட்டர் காத்து ஒரு சதுர மீட்டரை சுமார் 100 கிலோ எடைக்குத் தள்ளும். கிட்டாரோட முகம் சுமார் 1.4 சதுர மீட்டர், தட்டைப் பரப்புக்கான கூடுதலையும் சேர்த்தா 170 கிலோ. அது தரையிலேர்ந்து ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேல தள்ளுது. 1.2 மீட்டர் சதுரத்துல அடித்தளம் போட்டா, கவிழாம இருக்க 320 கிலோவாவது வேணும். அதே சதுரம் 15 சென்டிமீட்டர் கனத்துல கான்கிரீட்டா இருந்தா 500 கிலோவுக்கு மேல வரும். இது தோராயம்தான், கையெழுத்துப் போட வேண்டியது பொறியாளர். கிட்டாருக்குள்ள இரும்புக் குழாய் நெக் வரைக்கும் ஏறணும். குழந்தைங்க கட்அவேல கால் வச்சு ஏறத்தான் செய்வாங்க, அந்த எடையும் கணக்குல இருக்கணும்.

நிறுத்தின பிறகு வருஷத்துக்கு ரெண்டு தடவை கழுவணும், குளிர்காலத்து உப்பு போனதும் ஒண்ணு, இலையுதிர் காலத்துல ஒண்ணு. பாத்திரம் தேய்க்கிற லிக்விட் கொஞ்சம், வெதுவெதுப்பான தண்ணி, மெத்துன்னு ஸ்பான்ஜ். அழுத்தத் தண்ணி பீய்ச்சற மெஷினை கிட்டவே கொண்டு போகாதீங்க, கிளியர்ல இருக்கற சின்ன விரிசல்ல பூந்து உரிச்சுடும். கழுவிக் காஞ்ச பிறகு கார் மெழுகு ஒரு கை. அப்புறம், அடிச்ச ஒவ்வொரு நிறத்துலயும் ஒரு சின்ன பாட்டில் காத்துப் போகாம மூடி, நிறமி குறியீடும் தேதியும் மூடியில எழுதி, கிட்டாரோடவே ஏற்பாட்டாளர்கிட்ட குடுத்துடுங்க. முதல் கீறல் விழறப்ப அதே நிறத்தை வேற எங்க தேடினாலும் கிடைக்காது.