கிளம்பறதுக்கு முன்னாடி: சதுப்பு, தோட்டம், கடற்கரையில ஒரு வசந்த நாள்

கொஞ்சம் குரலைத் தாழ்த்தித்தான் பேசுறேன், ஹெட்ஃபோன் இருந்தா போட்டுக்கோங்க. விடிஞ்சு அரை மணி நேரம்கூட ஆகல. எனக்கு முதுகுப்பக்கம் வெயில், முன்னாடி சதுப்பு. இப்படி உக்காந்தாதான் பறவையோட நிறம் தெரியும். வெயிலைப் பார்த்து உக்காந்தா எல்லாமே கருப்பு நிழலாத்தான் நிக்கும். இன்னிக்கு முழுக்க நிறத்தைப் பத்தித்தான் பேச்சு, அதனால இதை முதல்லயே சொல்லிட்டேன்.

வசந்த காலம்னா புதுசா என்ன பறவை பாக்கலாம்னு நிறைய பேர் கேக்கறாங்க. நான் சொல்றது, புதுசைத் தேடாதீங்க. ஏற்கெனவே தெரிஞ்ச பறவையையே திரும்பப் பாருங்க. அது மாறியிருக்கும்.

அந்த வரப்புல மூணு உண்ணிக்கொக்கு நிக்குது பாருங்க. ரெண்டு மாசம் முன்னாடி இதே இடத்துல எடுத்தப்போ முழு வெள்ளை, மஞ்சள் அலகு. இப்ப தலை, கழுத்து, முதுகு எல்லாம் ஆரஞ்சு ஏறியிருக்கு. ஜோடி சேர்ற அந்தக் கொஞ்ச நாள்ல மட்டும் அலகும் காலும்கூட சிவக்கும், அப்புறம் மறுபடி வெளுத்துடும். தினமும் கண்ணுல படுற பறவைங்கறதால யாரும் நின்னு பாக்கறதில்ல. ஆனா இந்தக் கொக்கு இனம் 1800களோட கடைசியில ஆப்பிரிக்காவுல இருந்து அட்லாண்டிக்கைத் தானே பறந்து கடந்து தென் அமெரிக்காவுல குடியேறினது. யாரும் கொண்டுபோய் விடல.

கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பறேன். நீளமா இளஞ்சிவப்புக் கால், கருப்பு இறக்கை, இதுதான் நெடுங்கால் உள்ளான். ஒண்ணு உக்காந்திருக்கு, தெரியுதா? வெறும் சேத்துமேட்டுல நாலஞ்சு குச்சி, அதுதான் கூடு. வெயில் ஏற ஏற இது எந்திரிச்சுப் போய் வயித்தைத் தண்ணியில நனைச்சுட்டு வந்து ஈர இறகோட முட்டை மேல உக்காரும், முட்டை சூட்டுல கெட்டுப் போகாம இருக்க. ஒரு தடவை உங்க கண்ணால பாத்துட்டீங்கன்னா வேற எதுவும் வேண்டாம்னு தோணும்.

ஒரு சங்கதி மனசுல வச்சுக்கோங்க. நெடுங்கால் உள்ளான் உங்க தலைக்கு மேல சுத்திச் சுத்திக் கத்துதுன்னா, பக்கத்துல முட்டையோ குஞ்சோ இருக்கு. கேமராவைத் தூக்காதீங்க. வந்த வழியே திரும்பிடுங்க. அது உங்களைப் பாத்துக் கத்தற ஒவ்வொரு நிமிஷமும் அந்த முட்டை வெயில்ல கிடக்கு.

(மதியம், தோட்டத்துல)

தோட்டத்துல இப்ப சின்னதா ஒண்ணுதான் காட்டப்போறேன். இந்தப் பூச்செடியில வர்ற ஆண் தேன்சிட்டு. கொஞ்ச நாள் முன்னாடி வரைக்கும் பெண் மாதிரி மங்கலா, தொண்டையில இருந்து வயிறு வரைக்கும் கருப்பா ஒரே ஒரு கோடு மட்டும் இருந்தது. இப்ப முழுசா மினுமினுன்னு ஊதா. வெயில் படுற கோணம் மாறினா கருப்பாத் தெரியும், திரும்பினா பளிச்சுன்னு அடிக்கும். சாயம் மட்டும் இல்ல, இறகோட நுண்ணிய அமைப்புல வெளிச்சம் பட்டுச் சிதறுறதுதான் அந்த மினுக்கு.

பாடிக்கிட்டே இருக்கு, கேக்குதா? இதோட குரலை ஃபோன்ல ஓட்டிக் கூப்பிடறது ஒரு பழக்கமா ஆயிருக்கு. தயவுசெஞ்சு வேண்டாம், முக்கியமா இந்தப் பருவத்துல. அது தன் எல்லைக்குள்ள இன்னொரு ஆண் புகுந்துட்டதா நினைச்சு, இரை தேடறதையும் கூட்டையும் விட்டுட்டு இல்லாத எதிரியோட மல்லுக்கு நிக்கும். கால் மணி நேரம் சும்மா உக்காந்தா தானே வரும்.

சரி, கடலுக்குக் கிளம்பலாம். மனசு காலையில இருந்தே அங்கதான் இருக்கு.

(சாயங்காலம், கடற்கரைச் சேறு)

வந்தாச்சு. நேரத்தைப் பத்தி முதல்ல. கடற்கரைப் பறவைக்குக் கடிகாரம் சூரியன் இல்ல, அலையேற்றம். ஒரு ஏத்தத்துக்கும் அடுத்த ஏத்தத்துக்கும் நடுவுல சுமார் 12 மணி 25 நிமிஷம். அதனால நாளுக்கு நாள் ஏறக்குறைய 50 நிமிஷம் தள்ளிப் போகும். நேத்து போன நேரத்துக்கே இன்னிக்கும் போனா ஏமாந்துடுவீங்க. முழு ஏத்தத்துக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி வந்து ஒரு இடத்துல அசையாம உக்காருங்க. தண்ணி ஏற ஏறச் சேறு குறையும், பறவைங்க தானா உங்க பக்கம் ஒதுங்கி வரும். நீங்க ஒரு அடிகூட எடுத்து வைக்க வேண்டாம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டின நாள்னா ஏத்தம் இன்னும் பெருசு.

நான் 8x42 பைனாகுலர்தான் வச்சிருக்கேன். எட்டு மடங்கு பெருசாக்கும், முன் கண்ணாடி 42 மில்லிமீட்டர். அது போதும்.

இப்ப அந்தக் கூட்டத்தைப் பாருங்க. பட்டைவால் மூக்கன். நீளமான, நுனி லேசா மேல வளைஞ்ச அலகு. அந்தச் செங்கல் சிவப்பு ஆண். சிவப்பு அதிகம் ஏறாம வெளிறி இருக்கறது, அலகு இன்னும் நீளமா இருக்கறது பெண். ஜூம் பண்றேன். மூஞ்சி சேத்துல படுற அளவுக்கு அலகு உள்ள போகுது. ஒரு நொடி நிக்குது. இப்ப வெளிய... புழு! இழுக்குது, நீளுது, அறுந்துடுமோன்னு பாத்தேன், இல்ல, முழுசா வந்துடுச்சு. அலகு நுனியிலயே தொடு உணர்ச்சி இருக்கு. வாயை முழுசாத் திறக்காம நுனியை மட்டும் பிரிச்சுக் கவ்வ முடியும். சேத்துக்கு அடியில கண்ணுக்குத் தெரியாததை அது தொட்டே கண்டுபிடிக்குது.

ஏன் இவ்வளவு அவசரமாச் சாப்பிடுதுன்னா, இது வழிச்சோறு. கூடு கட்ட வடக்கே போற நீண்ட பயணத்துக்கு முன்னாடி கொழுப்பு சேர்த்துக்கிட்டே போகும். கிளம்பற நேரத்துல இரைப்பை, குடல், கல்லீரல் மாதிரி உறுப்புங்க சுருங்கிடும், பறக்கும்போது அந்தக் கனம் தேவையில்லைன்னு. 2007 மார்ச்சுல நியூசிலாந்துல இருந்து E7னு அடையாளம் போட்ட ஒரு பெண் பறவை கிளம்பினது. உடம்புல செயற்கைக்கோள் கருவி. 10,000 கிலோமீட்டருக்கு மேல, எங்கயும் இறங்காம, சீனாவுக்கும் கொரியாவுக்கும் நடுவுல இருக்கற மஞ்சள் கடலோட சேத்துக்கரைக்குப் போய்ச் சேர்ந்தது. அங்க சில வாரம் தின்னு தேறி அலாஸ்காவுக்குப் போச்சு. 2022ல அஞ்சு மாசக் குஞ்சு ஒண்ணு, அலாஸ்காவுல இருந்து டாஸ்மேனியாவுக்கு 13,560 கிலோமீட்டர், 11 நாள், நிக்கவே இல்ல. இது மூக்கன், நீந்தத் தெரிஞ்ச வாத்து இல்ல. நடுக்கடல்ல உக்காந்து ஓய்வெடுக்க அதால முடியாது.

அதனாலதான் இறங்கற இடம் ஒண்ணொண்ணும் முக்கியம். மஞ்சள் கடலோட சீனக் கரையில சில பகுதிகளை 2019லயும், தென் கொரியாவோட சேத்துக்கரைகளை 2021லயும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய இடமா அறிவிச்சாங்க. சேத்துக்கு அப்படி ஒரு மதிப்பு கிடைச்சதுல எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா.

ஒண்ணு சொல்லணும், சொல்லாம இந்த வீடியோ போட மனசு வரல. சில வருஷம் முன்னாடி, இதே மாதிரி ஒரு கூட்டம். இன்னும் கிட்டப் போனா சிவப்பு நல்லா விழும்னு நான் சேத்துல இறங்கி நடந்தேன். மொத்தக் கூட்டமும் எழும்பினது. படம் பிரமாதமா வந்தது, பல பேர் பாராட்டினாங்க. அப்புறம்தான் மேல சொன்ன கணக்கெல்லாம் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். சேறு தெரியற அந்தச் சில மணி நேரம்தான் அதுக்குத் தின்ன நேரம். அதுல கொஞ்சத்தை நான் பிடுங்கிட்டேன், அது சேர்த்து வச்ச கொழுப்பையும் சேர்த்து. அந்தப் படத்தை நீக்கிட்டேன், எங்கயும் வைக்கறதில்ல. பறவை தின்னறதை நிறுத்தித் தலையைத் தூக்கி உங்களைப் பாத்துதுன்னா, அங்கயே நின்னுடுங்க. அதுதான் எல்லை.

கூட்டத்துல சாம்பலாவே, கொஞ்சமும் சிவக்காம ரெண்டு மூணு இருக்கு, கவனிச்சீங்களா? பெரும்பாலும் போன வருஷத்துக் குஞ்சுங்க. இந்த வருஷம் வடக்கே போகாம இங்கயே தங்கிடலாம். அதனால மே, ஜூன்லயும் சேத்துல பறவை தெரிஞ்சா ஆச்சரியப்படாதீங்க.

ஒரு நிமிஷம். அந்த இடது ஓரத்துல நிக்கறதுக்குக் காலுல ஏதோ... வளையம் இல்ல, சின்னக் கொடி மாதிரி. பறவை எங்க போகுதுன்னு தெரிஞ்சுக்க ஆராய்ச்சி பண்றவங்க கட்டி விடறது. வெள்ளையா, மஞ்சளா? தண்ணி மறைக்குது. டென்மார்க்குல மார்ட்டென்சன்னு ஒரு ஆசிரியர் 1899ல மைனா குடும்பத்தைச் சேர்ந்த ஸ்டார்லிங் பறவைங்களுக்குக் காலுல எண் பொறிச்ச வளையம் போட்டு ஆரம்பிச்சது, இன்னிக்கு இப்படி வந்து நிக்குது. கொடியோட நிறத்தை வச்சே எந்த நாட்டுல பிடிச்சுக் கட்டினாங்கன்னு சொல்லலாம். உங்களுக்குத் தெரிஞ்சா நிறம், எந்தக் கால், முட்டிக்கு மேலயா கீழயா, எழுத்து, தேதி, இடம் எல்லாத்தையும் குறிச்சு, உங்க பகுதியில வளையமிடறவங்களுக்கு அனுப்புங்க. எழுத்து படிக்கலன்னாலும் பரவாயில்ல, நிறம் போதும்.

வெளிச்சம் குறையுது. தண்ணி நல்லா ஏறிடுச்சு. கூட்டத்துல ஒரு பகுதி தின்னறதை நிறுத்திட்டுக் குளிக்குது, இறகைக் கோதுது. கத்தற சத்தமும் மாறியிருக்கு, இங்க வந்ததுல இருந்து கேட்ட சத்தம் இது இல்ல. கிளம்பற கூட்டம் பெரும்பாலும் இப்படித்தான், சாயங்காலத்துல, ஏத்தத்தை ஒட்டி.

அதோ... நாற்பது இருக்குமா? எழும்பிடுச்சு. சேத்துப் பக்கம் திரும்பல. மேல போகுது, இன்னும் மேல. வரிசை கட்டுது.

கேமராவை வைக்கறேன். இதை நான் கண்ணாலயே பாத்துக்கறேன்.