317 கசையடிகள்

நேயர்களுக்கு வணக்கம்.

சாமுவேல் ஜான்சன் என்றவுடன் ஆங்கில அகராதி தொகுத்த அறிஞர்தான் பலருக்கும் நினைவுக்கு வருவார். நான் பேச வந்தது அவரைப் பற்றி அன்று. அவர் பிறப்பதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே, 1703இல் இறந்துபோன இன்னொரு சாமுவேல் ஜான்சனைப் பற்றி. இவர் இங்கிலாந்தின் புராட்டஸ்டன்ட் அரசுத் திருச்சபையான ஆங்கிலிக்கத் திருச்சபையின் பாதிரியார். எசெக்ஸ் மாவட்டத்தில் காரிங்கம் என்ற சிற்றூர்க் கோவில் இவருடைய பொறுப்பில் இருந்தது. அதில் வந்த வருமானம் ஆண்டுக்கு 80 பவுன். ஆனால் ஊரில் இருந்ததைவிட லண்டனில் இருந்ததுதான் அதிகம். வில்லியம் ரசல் பிரபுவின் வீட்டுக் குருவாக இருந்துகொண்டு அரசியலை அருகிலிருந்து பார்த்தார்.

அப்போது அரியணையில் இருந்தவர் இரண்டாம் சார்லஸ். அவருக்கு முறைப்படி பிறந்த வாரிசு இல்லை. அடுத்து முடிசூட வேண்டிய தம்பி ஜேம்ஸ் கத்தோலிக்கராக மாறியிருந்தார். அவரை விலக்கிவைக்கச் சட்டம் கொண்டுவர நாடாளுமன்றம் 1679 முதல் 1681 வரை மீண்டும் மீண்டும் முயன்றது. அரசர் ஒவ்வொரு முறையும் அவையைக் கலைத்தார். விலக்க வேண்டும் என்று வாதாடியவர்களில் முன்னணியில் நின்றவர் ரசல்.

திருச்சபை யார் பக்கம் நின்றது என்று கேட்டால், அரசர் பக்கம். “எந்த மனுஷனும் மேலான அதிகாரமுள்ளவர்களுக்குக் கீழ்ப்படியக்கடவன்” என்ற வசனம் ஊர் ஊராகப் பிரசங்க மேடைகளில் முழங்கியது. அரசன் கொடுமை செய்தால் ஜெபம் பண்ணலாம், கண்ணீர் விடலாம், எதிர்த்து நிற்கக் கூடாது. ஆதிக் கிறிஸ்தவர்கள் அப்படித்தான் வாழ்ந்தார்கள், சிங்கத்தின் முன்னால் தள்ளியபோதும் கை ஓங்கவில்லை என்று குருமார் மேற்கோள் காட்டினார்கள்.

1682இல் ஜான்சன் ‘விசுவாசத் துரோகி ஜூலியன்’ என்ற சிறு நூலை வெளியிட்டார். ஜூலியன் நான்காம் நூற்றாண்டு ரோமப் பேரரசர். கிறிஸ்தவராக வளர்க்கப்பட்டு, பின்னர் பழைய தெய்வங்களுக்குத் திரும்பியவர். 361 முதல் 363 வரை ஆண்டார். நூலின் பொருள் அந்தப் பேரரசர், குறி ஜேம்ஸ். மதம் மாறிய வாரிசு என்றவுடன் யாரைச் சொல்கிறார் என்று லண்டனில் புரியாதவர் எவருமில்லை.

ஆனால் மறைமுகமாகக் குத்திக்காட்டியது மட்டுமே அந்த நூலின் வலிமை என்றால் இன்று அதை எடுத்துப் பேச வேண்டியதில்லை. ஜான்சன் எதிராளியின் ஆயுதத்தையே கையில் எடுத்தார். ஆதிக் கிறிஸ்தவர்கள் நீரோ, டயோக்ளீஷியன் போன்ற ரோமப் பேரரசர்களிடம் ஏன் அடங்கிச் செத்தார்கள்? சட்டம் அவர்களுக்கு எதிராக இருந்தது. பேரரசர் கான்ஸ்டன்டைனுக்குப் பிறகு கிறிஸ்தவம் சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்றுவிட்டது. ஆகவே ஜூலியன் காலத்தில் அதே கிறிஸ்தவர்கள் வேறு விதமாக நடந்துகொண்டார்கள். ஆன்டியோக் நகர மக்கள் பேரரசரின் தாடியைக் கேலி செய்தார்கள். அவரும் விடாமல் பதிலுக்கு ஒரு நையாண்டி நூல் எழுதினார். நாசியான்சுஸ் ஆயரான முதிய கிரெகோரியோ, கோவிலைக் கைப்பற்ற வந்த படைத்தலைவனைக் காலால் உதைக்கவும் தயாராக இருந்தார். இதைப் பதிவு செய்தவர் அவருடைய மகன், புனிதர் என்று திருச்சபையே போற்றும் இளைய கிரெகோரியோ. சட்டப்படி உன்னைக் கொல்லலாம் என்றால் பொறுத்துக்கொள். சட்டம் உன் பக்கம் இருக்கும்போது அரசன் சட்டத்தை மீறி அடித்தால் அதைத் தாங்குவது கடமையாகாது என்பதே ஜான்சனின் வாதம்.

அரண்மனையை ஏசும் பிரசுரங்கள் அந்தக் காலத்தில் மலிந்து கிடந்தன. அவற்றை எரித்துவிட்டால் கதை முடிந்தது. இதற்கு மறுப்பு எழுத வேண்டியிருந்தது. ஜார்ஜ் ஹிக்ஸ் என்ற குரு ‘ஜோவியன்’ என்ற நூலால் பதில் சொன்னார். 1683 ஜூலை 21 அன்று, அரசருக்கு எதிரான சதியில் சேர்ந்ததாக ரசல் பிரபுவின் தலை லண்டனில் வெட்டப்பட்டது. அதே நாளில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் ஆபத்தான கருத்துகள் என்று ஒரு பட்டியலைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. கிறிஸ்தவம் அன்று சட்டத்தில் நிலைபெறாததால்தான் ஆதிக் கிறிஸ்தவர்கள் எதிர்க்காமல் இறந்தார்கள் என்ற ஜான்சனின் வாதமும் அந்தப் பட்டியலில் இருந்தது. எது உறுத்தியது என்பதை எதிரிகளே சரியாகக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

1684இல் வழக்கு, தலைமை நீதிபதி ஜெஃப்ரிஸ் முன்னிலையில். பாதிரியாருக்கு ஒரு வசனம் தருகிறேன் என்று அவர் ஏளனமாகச் சொன்னாராம்: அமைதியாய் இருந்து சொந்த அலுவலைப் பார்க்கச் சொல்லும் பவுல் அப்போஸ்தலரின் வாக்கு. அந்த நூலை எழுதியபோது ஓர் ஆங்கிலேயனாக என் சொந்த அலுவலைத்தான் பார்த்தேன் என்றார் ஜான்சன். தண்டனை 500 மார்க் அபராதம், ஏறக்குறைய 333 பவுன். நான்கு ஆண்டு வருமானத்துக்கும் மேல். கட்ட வழியில்லை, சிறைக்குப் போனார்.

சிறையில் அடைத்தால் எழுத்து நின்றுவிடும் என்று நினைத்தார்கள். அங்கே ஹியூ ஸ்பீக் என்ற கைதி கிடைத்தார். அச்சிடவும் பரப்பவும் அவர் உதவினார். இதற்குள் ஜேம்ஸ் அரசராகிவிட்டார். கத்தோலிக்கர் படை அதிகாரியாக முடியாது என்றிருந்த சட்டத்தை ஒதுக்கிவைத்து அவர்களைப் பதவியில் அமர்த்தினார். லண்டனுக்கு மேற்கே ஹவுன்ஸ்லோ வெளியில் படை முகாமிட்டிருந்தது. 1686இல், அந்தப் படையிலுள்ள புராட்டஸ்டன்ட் வீரர்களுக்கு ஜான்சன் ஒரு வேண்டுகோள் எழுதினார். சட்டத்தை மீறிப் பதவி பெற்றவர்களின் கீழ், உங்கள் நாட்டின் சட்டத்தையும் மதத்தையும் அழிக்கவா ஆயுதம் ஏந்துகிறீர்கள் என்பது அதன் சாரம். அரசனின் கையிலிருக்கும் வாளிடமே நேராகப் பேசிவிட்டார்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போனால் நேர்மையாகாது. அந்தப் பிரசுரத்தில் கத்தோலிக்கர் அனைவரும் விக்கிரக ஆராதனைக்காரர்கள், இரத்த வெறியர்கள். சில ஆண்டுகளுக்கு முன்புதான் டைட்டஸ் ஓட்ஸ் என்ற பொய்ச்சாட்சிக்காரனின் வார்த்தையை நம்பி, குற்றமற்ற கத்தோலிக்கர் பலரைத் தூக்கிலிட்டிருந்தார்கள். அந்த வெறியைக் கிளப்பிய கட்சியில்தான் ரசலும் இருந்தார். அரசனின் கொடுமையை அவ்வளவு துல்லியமாகப் பார்த்த கண், பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கனின் கஷ்டத்தைப் பார்க்கவில்லை. அவருடைய துணிச்சலை மெச்சுகிறேன். இதை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

வீரர்களுக்கு எழுதிய அந்த வேண்டுகோளுக்குத் தண்டனை என்ன தெரியுமா? மூன்று இடங்களில், தலையையும் கைகளையும் பூட்டும் தொழுமரத்தில் நிற்க வேண்டும், மீண்டும் 500 மார்க் அபராதம், நியூகேட் சிறையிலிருந்து டைபர்ன் தூக்குமேடை வரை கசையடி. ராஜத்துரோகமாக நடத்தாமல் விட்டதற்கு அரசு வழக்கறிஞருக்கு நன்றி சொல் என்று நீதிபதி சொல்ல, திருச்சபையையும் சட்டத்தையும் காத்ததற்காக அடி வாங்கப் போகிறவன் யாருக்கும் நன்றி சொல்ல வேண்டியதில்லை என்று ஜான்சன் மறுத்துவிட்டார்.

குருவைக் கசையால் அடித்தால் திருச்சபைக்கு இழுக்கல்லவா? எனவே முதலில் குருப்பட்டத்தைப் பறிக்க வேண்டும். லண்டன் ஆயர் காம்ப்டன் ஏற்கெனவே அரசரின் கோபத்துக்கு ஆளாகி இடைநீக்கத்தில் இருந்தார். அவருக்குப் பதிலாக மூன்று ஆயர்கள் அமர்ந்தார்கள். மேலாடையைக் கழற்றினார்கள், இடைக்கச்சையை அவிழ்த்தார்கள். கையில் வேதாகமத்தைக் கொடுத்துத் திரும்பப் பறித்தார்கள். அவர் அதை முத்தமிட்டு, இதனால் நான் பெற்ற பயனை உங்களால் பறிக்க முடியாது என்றாராம். எல்லாம் செய்தவர்கள் நீண்ட உள்ளங்கியைக் கழற்ற மறந்துவிட்டார்கள். சடங்கு முழுமையாகவில்லை என்று பின்னர் வாதம் எழுந்தது, காரிங்கம் கோவிலும் அவர் கையை விட்டுப் போகவில்லை. அரசரின் வேலையை அரைகுறையாகச் செய்த ஆயர்களுக்கு ஜான்சன் கடன்பட்டவர்!

அடியை நிறுத்த ஒருவர் 200 பவுன் பெற்றுக்கொண்டு முயன்றும் ஜேம்ஸ் இணங்கவில்லை. ஜான்சனுக்கு இரத்தசாட்சியின் மனம் இருக்கிறது, அப்படியே ஆகட்டும் என்றாராம். 1686 டிசம்பர் 1. ஒன்பது முடிச்சுக் கயிறுகள் கொண்ட சாட்டை. ஏறக்குறைய இரண்டரை மைல் தூரம். 317 அடிகள் என்று எண்ணியிருக்கிறார்கள். “அவமானத்தை எண்ணாமல், சிலுவையைச் சகித்து” என்ற எபிரெயர் நிருப வசனம் மனத்தில் ஓடியது, அது கைகொடுத்தது என்று பிறகு சொன்னார்.

இரண்டு ஆண்டுகளில், ஹாலந்திலிருந்து வில்லியம் படையோடு வந்திறங்க, ஜேம்ஸ் நாட்டை விட்டு ஓடினார். அவருடைய படையில் பெரிய அதிகாரிகளே எதிர்ப்பக்கம் போய்விட்டார்கள். அதற்கு அந்தப் பிரசுரம்தான் காரணம் என்று சொல்லமாட்டேன்; காரணங்கள் வேறு நிறைய இருந்தன. 1689இல் நாடாளுமன்றம் ஜான்சனுக்கு வழங்கிய தண்டனை சட்டவிரோதமானது, கொடூரமானது என்று அறிவித்தது. அதே ஆண்டு வந்த உரிமைச் சட்டம் கொடூரமான, வழக்கத்துக்கு மாறான தண்டனைகளைத் தடை செய்தது.

புதிய அரசர் வில்லியம் அவருக்கு 1,000 பவுனும் ஆண்டுக்கு 300 பவுன் உதவித்தொகையும் கொடுத்தார். டர்ஹம் பேராலயத் தலைமைக்குரு பதவியும் தேடி வந்தது. தன் பாடுகளுக்கு ஆயர் பதவிதான் ஈடு என்று அதை மறுத்துவிட்டார். ஆயர் பதவி கடைசிவரை வரவில்லை. புதிய ஆட்சியோடும் சும்மா இருந்தாரா என்றால், இல்லை. வில்லியம் வென்று வந்த அரசர் என்று பர்னெட் போன்ற பெரிய குருமார் எழுதினார்கள். வெற்றி உரிமை தராது, மக்கள்தான் ஜேம்ஸை நீக்கி வில்லியமை அமர்த்தினார்கள் என்று 1692இல் ஜான்சன் ஒரு நூல் போட்டார். அந்த நவம்பரில் பாண்ட் தெருவிலுள்ள அவர் வீட்டுக்குள் ஏழு பேர் புகுந்து, எழுதிய புத்தகத்தைச் சொல்லித் திட்டியபடியே அவரை வெட்டிக் காயப்படுத்திவிட்டுப் போனார்கள். அதிலும் பிழைத்துக்கொண்டார். மேலும் பதினோராண்டுக்கு அருகே வாழ்ந்து, எழுதிக்கொண்டும் சண்டையிட்டுக்கொண்டும் இருந்தார். அவருடைய எழுத்துகள் எல்லாம் 1710இல் ஒரே பெருந்தொகுதியாக அச்சாயின.

நன்றி, வணக்கம்.