மிரட்டி ரிசைன் லெட்டர்ல கையெழுத்து வாங்கிட்டாங்க, இனி எங்க போறது?

அடுத்த கேள்வி மலேசியா, பினாங்கு பிறையில இருந்து ஒரு அண்ணன் அனுப்பியிருக்காரு. பெக்டரில பதினோரு வருஷ வேலை, மூணு வாரத்துக்கு முன்னாடி எச்.ஆர். ரூமுக்குக் கூப்பிட்டு, ரெடியா டைப் அடிச்சு வச்சிருந்த ரிசைன் லெட்டர நீட்டி, இப்பவே சைன் பண்ணு, இல்லாட்டி போலீஸ் ரிப்போர்ட்டுன்னு மிரட்டியிருக்காங்க, இவரும் பயந்து போட்டுட்டாரு. லாயருக்குக் கட்ட காசில்ல, எங்க போறதுன்னு கேக்குறாரு.

அண்ணே, லாயர அப்புறம் தேடலாம், முதல்ல காலண்டர பாருங்க. 1967 தொழிலியல் உறவுச் சட்டம் 20-ஆவது பிரிவுப்படி வேலை போன நாள்ல இருந்து 60 நாளைக்குள்ள ஜபாத்தான் பெர்ஹுபோங்கான் பெருசாஹான்ல, அதாவது தொழிலியல் உறவு இலாகாவுல, மனு கொடுத்தாகணும், சனி ஞாயிறு பெருநாள் எல்லாம் அதுல சேந்ததுதான், ஒரு நாள் தாண்டினாலும் எடுக்க மாட்டாங்க. உங்களுக்கு மூணு வாரம் ஏற்கனவே போச்சு. கம்பெனிக்கு அப்பீல் லெட்டர் எழுதிட்டு பதிலுக்குக் காத்திருக்கிறவங்கதான் நெறைய பேரு இதுல மாட்டுறாங்க, அப்பீல் போட்டா நாள் எண்ணுறது நிக்காது.

மனு கொடுக்க ஃபீஸ் கிடையாது. அடுத்து கம்பெனியையும் உங்களையும் உக்கார வச்சு பேசுவாங்க, அந்தப் பேச்சுவார்த்தைக்கு லாயர கூட்டிட்டு வரவே கூடாது, அவங்களுக்கும் அதே ரூல், அதனால அங்க நீங்க ஒண்ணும் குறைஞ்சவரு இல்ல. யூனியன்காரரு, விஷயம் தெரிஞ்ச சொந்தக்காரருன்னு யாரையாச்சும் எழுத்து மூலமா நியமிச்சு கூட்டிட்டுப் போகலாம். அங்க முடியலன்னா கேஸ் நேரா மஹ்காமா பெருசாஹானுக்கு, அதாவது தொழில் கோர்ட்டுக்கு, போயிரும், முன்ன மாதிரி மந்திரி முடிவு பண்ற கதையெல்லாம் 2021-லயே போச்சு.

ஒண்ணு மட்டும் கவனம். "வேலை வேணாம் சார், காசு கொடுத்தா போதும்"னு கவுண்டர்லயே சொல்லிடாதீங்க. அந்தப் பிரிவே திரும்ப வேலைக்கு எடுக்கச் சொல்லிக் கேக்குறதுக்குத்தான் இருக்கு, நஷ்ட ஈடெல்லாம் அதுக்குப் பின்னாடி வர்றது.

கையெழுத்து போட்டாச்சே, முடிஞ்சு போச்சான்னா, இல்ல. மிரட்டி வாங்கின ரிசைன கோர்ட்டு டிஸ்மிஸல்னே எடுத்துக்கலாம், ஆனா மிரட்டினாங்கன்னு நீங்கதான் காட்டணும். அன்னிக்கு ரூம்ல யார் யார் இருந்தாங்க, எத்தன மணிக்கு கூப்பிட்டாங்க, போன வச்சிட்டு வான்னு சொன்னாங்களா, வெளிய வந்ததும் வீட்டுக்கு அனுப்பின வாட்ஸ்அப் மெசேஜ், எதையும் டிலீட் பண்ணாதீங்க, இன்னிக்கே ஒரு பேப்பர்ல எழுதி வைங்க. சம்பள ஸ்லிப்பு, இபிஎஃப் (சேமநிதி) ஸ்டேட்மெண்டு எல்லாம் காப்பி எடுத்துட்டு, மனு கொடுக்கும்போது உங்க காப்பில தேதியோட சாப் (முத்திரை) அடிச்சு வாங்கிக்கோங்க. கம்பெனி வேற ஏதாச்சும் பேப்பர நீட்டினா சைன் வேணாம்ணே, போதும்.

கோர்ட்டுக்குப் போனா அப்ப லாயர பத்தி யோசிக்கலாம். பினாங்குல பார் கவுன்சிலோட (வக்கீல்கள் மன்றம்) பூசாட் பந்துவான் குவாமான், அதாவது சட்ட உதவி மையம், இருக்கு, வருமானத்த பாத்துதான் எடுப்பாங்க. ஒய்பிஜிகே (தேசிய சட்ட உதவி அறக்கட்டளை) கிட்ட போய் நிக்காதீங்க, அது கிரிமினல் கேசுக்கு மட்டும்.

அப்புறம் சொக்சோவோட (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) இஐஎஸ், வேலை போனவங்களுக்கான காப்புறுதி, அதுக்கும் தனியா 60 நாள், அதையும் விட்டுடாதீங்க. சொந்தமா ரிசைன் பண்ணவங்களுக்கு அது கிடைக்காது, அதனால ஃபார்ம்ல எப்படி வெளிய போக வச்சாங்கன்னு தெளிவா எழுதுங்க. ஓட்டி (ஓவர்டைம்) காசு பாக்கின்னு கீழ போட்டிருக்கீங்களே, அது இந்தக் கவுண்டர் இல்ல, ஜபாத்தான் தெனாகா கெர்ஜா (தொழிலாளர் இலாகா), அதுக்கு வேற மனு.