கையெழுத்துப் போடும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய சொற்கள்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

முதல் புத்தகத்தைக் கொண்டுவரும் முனைப்பில் இருக்கும் பலர் இங்கே வந்திருக்கிறீர்கள். பதிப்பாளரோடு ஒப்பந்தம் போடும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவற்றைச் சொல்கிறேன். வீட்டுக்குப் போனதும் அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து, தலைப்புப் பக்கத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள். நூல் அளவு டெமி, தாள் மேப்லித்தோ, பக்கம் 160, விலை ரூ. 200 என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். எழுத்தாளருக்குத் தேவையான சில செய்திகள் அந்தப் பக்கத்தில் இருக்கின்றன.

160 பக்கம் என்றால் பத்து பாரம். பாரம் என்பது ஒரே தாளில் சேர்த்து அச்சிட்டு மடிக்கும் பக்கங்களின் தொகுதி. டெமி அளவில் ஒரு பாரத்துக்குப் பொதுவாக 16 பக்கம். அச்சுச் செலவையும் பாரக் கணக்கில்தான் போடுவார்கள். ஆகவே, "மூன்று பக்கம் குறைக்க முடியுமா?" என்று பதிப்பாளர் கேட்டால் மனம் நோக வேண்டாம். 163 பக்கம் பதினோராவது பாரத்துக்குள் போய்விடுகிறது, அவ்வளவுதான். 978 என்று தொடங்கும் 13 இலக்க ஐ.எஸ்.பி.என். எண்ணைப் பலர் உரிமைப் பதிவு என்று நம்புகிறார்கள். அது புத்தகத்தை அடையாளம் காண உதவும் எண் மட்டுமே. எழுதியவுடனேயே பதிப்புரிமை உங்களுக்கு வந்துவிடுகிறது. அதற்குப் பதிவு கட்டாயமில்லை.

அந்த உரிமையைப் பற்றித்தான் நான் முக்கியமாகப் பேச வந்தேன். ஒப்பந்தத்தில் "வெளியிட உரிமம் அளிக்கிறேன்" என்றும் இருக்கலாம், "பதிப்புரிமையை மாற்றித் தருகிறேன்" என்றும் இருக்கலாம். முதலாவதில் உடைமை உங்களிடமே இருக்கிறது. இரண்டாவதில் கைமாறிவிடுகிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை மாற்றம் எழுத்தில், உங்கள் கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடவில்லை என்றால் ஐந்து ஆண்டுகள் என்றும், எல்லை குறிப்பிடவில்லை என்றால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். சட்டம் இவ்வளவு தூரம் நமக்காக நிற்கிறது. ஆனால் "நிரந்தரமாக, உலகம் முழுவதும், எல்லா வடிவங்களிலும்" என்ற ஒரு வரியில் நீங்கள் கையெழுத்துப் போட்டால் அந்தப் பாதுகாப்பெல்லாம் போய்விடும். அந்த வரியைத் தேடிப் படியுங்கள். மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்படம் என ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதக் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்படவே கூடாது.

அடுத்தது ராயல்டி, அதாவது விற்பனையில் ஆசிரியருக்கு வரும் பங்கு. "பத்து சதவீதம்" என்றதும் தலையாட்டிவிடுகிறோம். எதில் பத்து சதவீதம்? முகவிலை 200 ரூபாயில் என்றால் பிரதிக்கு 20 ரூபாய். விற்பனையாளர் கழிவு 35 சதவீதம் போகப் பதிப்பாளர் கைக்கு வரும் 130 ரூபாயில் என்றால் 13 ரூபாய். 1,200 பிரதி விற்றால் முதல் கணக்கில் 24,000 ரூபாய், இரண்டாவதில் 15,600 ரூபாய். இரண்டும் நேர்மையான முறைகளே. ஆனால் எது என்பது தாளில் இருக்க வேண்டும். நூலக ஆணைக்கு, அதாவது நூலகங்களுக்காக மொத்தமாக வாங்கும் ஆணைக்கு, போகும் பிரதிகள் ராயல்டியில் சேருமா, கணக்கு ஆண்டுக்கு எத்தனை முறை வரும் என்பவையும் அப்படியே.

இன்னொன்று, இப்போது புதிதாகக் கவனிக்க வேண்டியது. "பிரதிகள் தீர்ந்து, மறு அச்சு வராவிட்டால் உரிமை ஆசிரியருக்குத் திரும்பும்" என்ற விதி பழைய ஒப்பந்தங்களில் உண்டு. ஆயிரம் பிரதி அச்சிட்டு அடுக்கிவைத்த காலத்துக்கு அது பொருந்தியது. இன்று கேட்கும்போது ஒரே ஒரு பிரதி கூட அச்சிடலாம். பிரிண்ட் ஆன் டிமாண்ட் முறையில் புத்தகம் தீர்வதே இல்லை. ஆண்டுக்கு மூன்று பிரதி விற்றாலும் "கிடைக்கிறது" என்று சொல்லிவிடலாம், உங்கள் உரிமையும் அங்கேயே கிடக்கும். அதனால் விதியை எண்ணில் எழுதுங்கள்: தொடர்ந்து இரண்டு ஆண்டுகள், ஆண்டுக்கு 50 பிரதிக்குக் கீழே விற்றால், ஆசிரியர் ஒரு கடிதம் எழுதிய மூன்று மாதத்தில் உரிமை திரும்பும் என்று. எண்ணைக் கூட்டிக் குறைத்துப் பேசிக்கொள்ளலாம். எண் இல்லாமல் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.