ராக் ஸ்லைடர்: பைப்பை விடுங்கள், பிராக்கெட்டைப் பாருங்கள்

[திரையில்: ஸ்லைடருக்கு அடியில் ஜாக்கி. அந்தப் பக்கத்து இரண்டு சக்கரங்களும் தரையை விட்டு எழுகின்றன.]

வணக்கம். இது ராக் ஸ்லைடர்: பாறையில் வண்டி உட்கார்ந்தால் கதவுக்குக் கீழே நசுங்காமல் இருக்க, பக்கவாட்டில் சேஸிஸோடு, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தோடு, மாட்டும் பைப். வண்டியின் கிட்டத்தட்ட பாதி எடை இப்போது இந்த ஒரு பைப்பின் மேல் நிற்கிறது. கதவைத் திறந்து மூடிப் பார்க்கிறேன். எங்கேயும் உரசவில்லை. ஸ்லைடர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள இதைவிட நேரடியான சோதனை கிடையாது.

[திரையில்: சைடு ஸ்டெப்பும் ஸ்லைடரும் அருகருகே.]

பார்க்க இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். சைடு ஸ்டெப் கால் வைத்து ஏறுவதற்கு. மெல்லிய பட்டையில் தொங்கும். பாறையில் உட்கார்ந்தால் அது மடங்கி, கதவுக்குக் கீழே ஓடும் ராக்கர் பேனலையும் சேர்த்து நசுக்கிவிடும். பம்பரைப் போல அந்தப் பேனலைக் கழற்றி மாற்ற முடியாது. அது பாடியோடு சேர்த்து வெல்ட் செய்தது. ஸ்லைடர் சேஸிஸைப் பிடித்து நிற்பதால் அடி நேராகச் சேஸிஸுக்குப் போகிறது. தனி சேஸிஸ் இல்லாத வண்டி என்றால், அந்த மாடலுக்கென்றே வடிவமைத்த கிட்டைத் தவிர வேறு எதையும் தொடாதீர்கள்.

பைப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1.75 அங்குல வெளி விட்டம், 3 மி.மீ. கனம் என்பது பரவலாகப் பயன்படும் அளவு. வாங்கும்போது பிராக்கெட்டைத்தான் புரட்டிப் பார்க்க வேண்டும். சேஸிஸில் படும் தகடு அகலமாக இருக்கிறதா? பைப்பும் பிராக்கெட்டும் சேரும் இடத்தில், மூலைக்கு வலு கொடுக்கும் முட்டுத்தகடு இருக்கிறதா?

[திரையில்: வண்டிக்கு அடியில், டார்ச் வெளிச்சத்தில் சேஸிஸின் உட்புறம்.]

மாட்டுவதற்கு முன் ஒரு டார்ச்சோடு அடியில் படுத்துப் பாருங்கள். பிரேக் லைன், எரிபொருள் லைன், வயர் எல்லாம் சேஸிஸை ஒட்டித்தான் ஓடும். துளை போட்டே ஆக வேண்டுமென்றால் சேஸிஸின் பக்கச் சுவரின் நடு உயரத்தில் போடுங்கள். மேல், கீழ் விளிம்புகளில்தான் வளைவு அழுத்தம் அதிகம். அங்கே டிரில்லைக் கொண்டுபோகவே கூடாது.

உள்ளே காலியான பெட்டி வடிவச் சேஸிஸின் இரண்டு சுவரையும் போல்ட் தாண்டிப் போகிறதா? அப்படியானால் உள்ளே ஸ்லீவ் குழாய், அதாவது போல்ட்டைச் சுற்றி இரண்டு சுவருக்கும் நடுவே முட்டு நிற்கும் குழாய், கட்டாயம். அது இல்லாமல் முறுக்கினால், காலி டப்பாவை அமுக்குவது போலச் சுவர்கள் உள்வாங்கும். அப்புறம் எவ்வளவு முறுக்கினாலும் பிடிப்பு நிற்காது.

[திரையில்: ஸ்லைடரை ஜாக்கி தாங்க, இன்னொருவர் போல்ட் மாட்டுகிறார்.]

இது இரண்டு பேர் வேலை. எல்லா போல்ட்டையும் முதலில் கையாலேயே ஏற்றுங்கள். பாடிக்கும் பைப்புக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடைவெளி வேண்டும். பாடி ரப்பர் மவுண்டின் மேல் உட்கார்ந்திருப்பதால் மேடுபள்ளத்தில் வண்டி முறுக்கிக்கொள்ளும்போது பாடி கொஞ்சம் ஆடும். இடைவெளி முன்னும் பின்னும் ஒரே மாதிரி வந்த பிறகு, நடு பிராக்கெட்டில் ஆரம்பித்து, முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் இறுக்குங்கள். எவ்வளவு என்பதற்குக் கிட்டோடு வந்த தாளில் இருக்கும் எண்தான் கணக்கு. இறுக்கியதும் நட்டிலிருந்து தகடு வரை பெயிண்ட் மார்க்கரால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். நட்டு நகர்ந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும்.

போல்ட்டுக்குப் பதில் வெல்டிங் முறை என்றால் பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி வைத்துவிட்டு, பழகிய வெல்டரிடம் விடுங்கள்.

[திரையில்: ஸ்லைடருக்கும் பாடிக்கும் நடுவில் இறுகிய சேறு. விரலால் தோண்டி எடுக்கிறோம்.]

பராமரிப்பில் முதல் வேலை, முதல் ஓட்டத்துக்குப் பிறகு எல்லா போல்ட்டையும் மறுபடி சரிபார்ப்பது. பெயிண்ட் பூச்சு அழுந்தி அழுந்தி பிடிப்பு தளரும். அடுத்தது இந்தச் சேறு. ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு ராக்கர் பேனலின் வடிகால் துளைகளையும் அடைத்துவிடும். அப்புறம் பேனல் உள்ளிருந்து துருப்பிடிக்கும். வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

பவுடர் கோட்டிங், அதாவது தூளைத் தூவிச் சூட்டில் உருக்கிப் பிடிக்கவைக்கும் பூச்சு, அழகுதான், ஆனால் பாறையில் உரசும் பொருளுக்கு எனக்கு அது பிடிக்காது. ஒரு இடத்தில் பெயர்ந்தால் அடியில் தண்ணீர் ஊர்ந்து, தோலாக உரியும். சாதாரண பெயிண்ட் என்றால் பெயர்ந்த இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ஜிங்க் பிரைமர் அடித்து, மேலே ஒரு பூச்சு கொடுத்தால் வேலை முடிந்தது.

[திரையில்: வெல்டு ஓரத்தில் முடி போன்ற துருக்கோடு.]

இந்த மெல்லிய கோட்டைப் பாருங்கள். வெல்டு ஓரத்தில் பெயிண்ட் இப்படிப் பிளந்து துரு கசிந்தால் அடியில் விரிசல் இருக்கலாம். பெயிண்டைச் சுரண்டிப் பாருங்கள். விரிசல் உறுதியானால் அதன் மேலேயே இன்னொரு வெல்டைப் பூசி மூடாதீர்கள். விரிசல் முழுவதையும் கிரைண்டரால் எடுத்துவிட்டுத்தான் புதிதாக வெல்ட் செய்ய வேண்டும். கையோடு அந்த பிராக்கெட் பிடித்திருக்கும் சேஸிஸ் சுவரையும் பார்த்துவிடுங்கள்.