கட்டியச் சுத்தியிருக்கற கொழுப்பு

வணக்கமுங்க. ஆபரேஷன்ல எடுத்த சதைய மைக்ராஸ்கோப்புல பாத்து ரிப்போர்ட் எழுதற டாக்டருங்க நான், கோயமுத்தூர்ல. பெருங்குடல் கேன்சர்னு பேச்செடுத்தாலே "ஏனுங்க டாக்டர், கடலெண்ணெயா தேங்காண்ணெயா, எது ஊத்துனா வராது?"ன்னு கேப்பாங்க. அதுக்கு அப்பறம் வர்றனுங்க.

வெட்டியெடுத்த குடலோட ஒட்டிக்கிட்டே மஞ்சக் கொழுப்பும் வருமுங்க. கேன்சர் பரவிருக்கான்னு பாக்க, அதுக்குள்ள வெரல உட்டு அமுக்கி அமுக்கி நெறிக்கட்டி தேடோணும், கொறஞ்சது 12 கெடைக்கோணும், சிலது அரிசி அளவுதான் இருக்கும். தேடி முடிஞ்சா கொழுப்ப ஓரமாத் தள்ளிருவாங்க. ஸ்லைடுலயும் அதே கதைதான், பதப்படுத்தறப்ப ஆல்கஹாலும் சைலீனும் கொழுப்பக் கரைச்சுரும், மிச்சம் வெறும் வெள்ளை வட்டம். காலி வட்டத்த யாருங்க உத்துப் பாப்பாங்க?

ஆனா பாக்கோணுமுங்க! கட்டி குடல் சுவரத் தாண்டி கொழுப்புக்குள்ள எறங்கற எடத்துல அந்த வட்டமெல்லாம் சுருங்கிச் சுருங்கிப் போயிருக்கும். ஏன்னா கேன்சர் செல்லு, கீழ்பவானி வாய்க்கால்ல மடைய ஒடச்சு தன் காட்டுக்குத் தண்ணி திருப்பிக்கற மாதிரி, பக்கத்துக் கொழுப்பு செல்லுல இருந்து கொழுப்பு அமிலத்த தன் பக்கம் இழுத்துக்குது, அத எரிச்சு தெம்பு தேடிக்குது, புது செல்லுக்கு ஒறையும் கட்டிக்குது. 1920கள்ல ஓட்டோ வார்பர்க்குங்கற ஜெர்மன் விஞ்ஞானி கேன்சர் செல்லு சர்க்கரைய அள்ளித் திங்குதுன்னு காமிச்சாரு, அதுக்கப்பறம் பேச்செல்லாம் சர்க்கரையப் பத்தியே, கொழுப்புப் பக்கம் கண்ணு திரும்பினது ரொம்பப் பின்னாலதான்.

இதுல கொடுமை என்னன்னா, நம்ம ஒடம்புல நோய எதுத்துக் காவலுக்கு நிக்கற டி செல்லும் அதே கொழுப்புல மாட்டிக்குது. சிடி36ங்கற வாசல் வழியா கெட்டுப்போன கொழுப்பு உள்ள போச்சுன்னா கேன்சர அடிக்கற வலுவே போயிருது. அதனாலதான் திரும்பத் திரும்பச் சொல்றேன், கட்டிய மட்டும் பாத்தா பத்தாதுங்க, சுத்தியிருக்கறதையும் பாக்கோணும்.

எண்ணெய்க் கேள்விக்கு வர்றேன். கேன்சர் செல்லு சர்க்கரையில இருந்தே கொழுப்பு தயாரிச்சுக்கும், அதுக்குன்னே ஒரு என்சைம் இருக்குது, அதனால எண்ணெய மாத்துனா தப்பிச்சோம்னு இல்லீங்க. எடை ஏறாமப் பாத்துக்கோங்க. சாசேஜ், சலாமி மாதிரி பதப்படுத்துன கறி குடல் கேன்சர வர வைக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட கேன்சர் ஆராய்ச்சி அமைப்பு 2015லயே சொல்லிருச்சு.

ஆஸ்பிரினப் பத்தி நெறைய வெச்சிருந்தேன், நேரமாச்சுன்னு ஸ்டூடியோ கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கை காட்டறாங்க. குடல் கேன்சர் வர்ற வாய்ப்ப அதிகமாக்கற லிஞ்ச் சிண்ட்ரோம் பரம்பரையா வர்ற குடும்பங்கள்ல ஆஸ்பிரின் சாப்பிட்டவங்களுக்கு குடல் கேன்சர் கொறைவா வந்துச்சு, அவ்வளவு மட்டும் சொல்லிக்கறேன், டாக்டரக் கேக்காம போட்றாதீங்க, வயித்துல ரத்தம் கசியும். அப்பறம் வெளிக்குப் போறப்ப ரத்தம் வந்தா மூலம்னு நீங்களே முடிவு பண்ணி மாசக்கணக்கா உட்றாதீங்க, கேமரா போட்டுப் பாத்துருங்க. வர்றனுங்க.